1933-39 ஜெர்மனி: வேலையின்மையை ஒழித்த பணம் எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தார்கள்?

வரவுசெலவு (கேள்வி கேட்பவர்; பதில் சொல்பவர்கள்: பேரேடு, தறிமேடை, நாணயச்சாலை)

வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் ஒரு பதிவு அடிக்கடி சுற்றிவருகிறது. "60 லட்சம் பேர் வேலையில்லாமல் இருந்த நாட்டை ஹிட்லர் நான்கே ஆண்டில் நிமிர்த்தினார். வங்கிகளிடம் வட்டிக்குக் கடன் வாங்காமல் சொந்தமாகப் பணம் அச்சடித்தார். ஆட்டோபான் சாலை போட்டு எல்லோருக்கும் வேலை கொடுத்தார்." இதைப் பகிர்கிறவர்கள் கொடுமைகளை மறுப்பதில்லை. பொருளாதாரத்தைத் தனியாகவும் கொடுமையைத் தனியாகவும் பிரித்துப் பேசுகிறார்கள். "அது வேறு, இது வேறு" என்கிறார்கள்.

எனக்குக் கணக்காகவே பதில் வேண்டும். அந்தப் பணம் எந்த வழியில் உருவானது? வேலையில்லாதோர் எண்ணிக்கை உண்மையிலேயே குறைந்ததா? இதற்கு யார் விலை கொடுத்தார்கள்? ஒழுக்க வாதம் எனக்கே தெரியும். ஆண்டு, தொகை, நடைமுறை இவற்றோடு சொல்லுங்கள்.

---

பேரேடு

வட்டியில்லாப் பணம் என்பது தவறு. வங்கிகள் இல்லாமல் நடந்தது என்பதும் தவறு. நடந்தது பில் டிஸ்கவுண்டிங்தான், அதாவது தவணை வராத பில்லை வங்கியில் கொடுத்து, வட்டி கழித்து உடனே பணம் வாங்குவது. நம் ஊர் வணிகர்கள் தினமும் செய்கிற வேலையையே ஒரு அரசு கணக்கில் காட்டாமல் செய்தது.

ஜெர்மன் மத்திய வங்கியான ரைஷ்ஸ்பாங்க்கின் 1924-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வங்கி அரசுக்கு நேரடியாகக் கொடுக்கக்கூடிய கடன் 10 கோடி மார்க்தான். 1923-ன் பணவீக்கத்தில் சேமிப்பெல்லாம் கரைந்துபோன நாடு அது. அதனால்தான் அவ்வளவு இறுக்கமான பூட்டு. ஆனால் இரண்டு நல்ல கையெழுத்துள்ள வணிக மாற்றுச்சீட்டை (குறித்த நாளில் பணம் தருவதாக எழுதும் சீட்டு) ரைஷ்ஸ்பாங்க் வாங்கலாம். அதற்குத் தடையில்லை. வங்கித் தலைவர் ஹ்யால்மர் ஷாக்ட் இந்த இடைவெளிக்குள் புகுந்தார்.

1933-ல் "உலோகவியல் ஆய்வு நிறுவனம்" என்ற பெயரில் ஒரு கம்பெனி பதிவாகிறது. சுருக்கப் பெயர் மேஃபோ. பங்குதாரர்கள் க்ரூப், சீமென்ஸ், ரைன்மெட்டால், குட்டஹாஃப்னுங்ஸ்ஹுட்ட என்ற நான்கு பெரு நிறுவனங்கள். மூலதனம் வெறும் 10 லட்சம் மார்க். ஆலை கிடையாது, ஆய்வும் கிடையாது. ரைஷ்ஸ்பாங்க் ஆட்களே அதை நடத்தினார்கள்.

ஒரு பீரங்கி ஆலைக்கு 1 லட்சம் மார்க் ஆர்டர் வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். பொருளைக் கொடுத்ததும் ஆலை அரசுக்கு பில் அனுப்பாது. மேஃபோவின் பேரில் 1 லட்சத்துக்கு மாற்றுச்சீட்டு எழுதும். மேஃபோ அதை ஏற்றுக் கையெழுத்திடும். இப்போது கையெழுத்து இரண்டாகிவிட்டது, சட்டம் திருப்தி. ஆலை அந்தச் சீட்டைத் தன் வங்கியில் கொடுத்து அன்றைக்கே பணம் வாங்கிக்கொள்ளும். வங்கி அதைத் தன்னிடமே வைத்திருக்கலாம், வேண்டும்போது ரைஷ்ஸ்பாங்க்கில் மறு டிஸ்கவுண்ட் செய்யலாம். பின்னால் அரசின் உத்தரவாதம் இருந்தது. மூன்று மாதச் சீட்டு என்பது பெயரளவுக்குத்தான், ஐந்து ஆண்டு வரை புதுப்பித்துக்கொண்டே போகலாம். வட்டி 4 சதவீதம்.

அந்த 4 சதவீதம்தான் சூத்திரத்தின் கெட்டிக்காரத்தனம். வட்டி வருவதால் நிறுவனங்களும் வங்கிகளும் சீட்டைக் கையிலேயே வைத்திருந்தன. எல்லாச் சீட்டும் ஒரே நாளில் மத்திய வங்கிக்குத் திரும்பியிருந்தால் அத்தனையும் புது நோட்டாகி விலைவாசி ஏறியிருக்கும். 1934 முதல் 1938 வரை வெளியான மேஃபோ பில்கள் 1,200 கோடி மார்க். வரவுசெலவுத் திட்டத்தில் இதில் ஒரு வரிகூட வராது. முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியின் படையைக் கட்டுப்படுத்திய வெர்சாய் ஒப்பந்தத்தை மீறி நடந்த ஆயுதக் குவிப்பு வெளிநாட்டார் கண்ணில் படாமல் இருந்ததற்கு இது முக்கியக் காரணம்.

விலை ஏறாததற்கு இன்னொரு காரணம் கட்டாயம். 1934 சட்டப்படி நிறுவனங்கள் பொதுவாக 6 சதவீதத்துக்கு மேல் டிவிடெண்ட் பணமாகக் கொடுக்க முடியாது. மிச்சம் அரசுப் பத்திரத்துக்குப் போக வேண்டும். சேமிப்பு வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் மக்கள் போட்ட பணத்தை அரசுப் பத்திரங்களாக மாற்றின. கடையில் வாங்கப் பொருள் குறைவு என்பதால் மக்கள் பணத்தை வங்கியில் போட்டார்கள். வங்கி அதை அரசிடம் கொடுத்தது, அரசு ஆயுதம் வாங்கியது. போட்டவருக்குத் தன் பணம் எங்கே போகிறது என்று தெரியாது. 1936 நவம்பரில் விலைகளை உறையவைத்து ஒரு ஆணை வந்தது. ஆக, பணவீக்கம் ஒழிந்துவிடவில்லை, அடக்கி வைக்கப்பட்டிருந்தது.

---

தறிமேடை

எண்ணிக்கை பற்றி. குறைந்தது உண்மை. பதிவான வேலையில்லாதோர் 1933 ஜனவரியில் 60 லட்சம். ஆண்டுச் சராசரி 1934-ல் 27 லட்சம், 1936-ல் 16 லட்சம், 1938-ல் 4 லட்சத்துச் சொச்சம். ஆனால் அந்தப் பதிவு மூன்று விஷயத்தை விழுங்கிவிடுகிறது.

ஒன்று, தொடங்கும் மாதம். ஜனவரி என்றால் ஐரோப்பாவில் கட்டட வேலையும் விவசாய வேலையும் நின்றுபோகிற காலம். 1932-ன் ஆண்டுச் சராசரியே 56 லட்சம்தான். அதோடு, போர் இழப்பீட்டுச் சுமை 1932 ஜூலையில் லோசான் மாநாட்டிலேயே முடிவுக்கு வந்துவிட்டது. பாப்பன் அரசின் வரிச்சலுகைச் சீட்டுகளும் ஷ்லைஷர் அரசின் 50 கோடி மார்க் அவசர வேலைத்திட்டமும் ஹிட்லர் பதவிக்கு வருவதற்கு முன்பே எழுதப்பட்டவை. 1933-ல் நிறையப் பேருக்கு வேலை கொடுத்தது அந்தப் பணம்தான். நாஜிகளின் சொந்தத் திட்டமான 100 கோடி மார்க் ரைன்ஹார்ட் திட்டம் 1933 ஜூனில்தான் வந்தது.

இரண்டு, ஆட்டோபான். 1933 செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஹிட்லர் மண்வெட்டியோடு நிற்கும் படத்தை எல்லோரும் பார்த்திருப்போம். அந்த ஆண்டு முடிவில் அந்தச் சாலைகளில் வேலை பார்த்தவர்கள் 4,000 பேருக்கும் குறைவு. உச்சமான 1936-ல்கூட நேரடி வேலை சுமார் 1.2 லட்சம் பேருக்கு. 60 லட்சத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆளை இழுத்தது ஆயுத ஆலை, விமானத் தொழிற்சாலை, ராணுவக் குடியிருப்பு. 1938-ல் தேசிய வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு படைக்குப் போனது. அமைதிக்காலத்தில் ஒரு முதலாளித்துவ நாடு அதற்கு முன் அப்படிச் செலவழித்ததில்லை.

மூன்று, யாரைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள் என்பது. 1933 ஜூன் முதல் திருமணக் கடன்: 1,000 மார்க் வரை, பணமாக அல்ல, வீட்டுச் சாமான் வாங்கும் கூப்பனாக. மணப்பெண் வேலையை விட வேண்டும் என்பது நிபந்தனை. ஒரு குழந்தை பிறந்தால் கடனில் கால்வாசி தள்ளுபடி. பண்ணை உதவிக்கும் நிவாரண வேலைக்கும் சொற்பக் கூலிக்கு அனுப்பப்பட்டவர்கள் வேலையில் இருப்பவர்களாகவே எண்ணப்பட்டார்கள். 1935 மார்ச்சில் கட்டாய ராணுவ சேவை. அதே ஆண்டு ஜூனில் இளைஞர்களுக்கு ஆறு மாதக் கட்டாய உழைப்புச் சேவை. லட்சக்கணக்கானோர் வேலை தேடும் வரிசையிலிருந்து சீருடைக்குப் போனார்கள்.

வேலை கிடைத்தவரின் நிலைமையையும் சொல்ல வேண்டும். 1933 மே 2 அன்று தொழிற்சங்க அலுவலகங்கள் எல்லாம் கைப்பற்றப்பட்டன, தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். 1934 ஜனவரிச் சட்டத்துக்குப் பிறகு கூலியை நிர்ணயித்தது அரசு நியமித்த அதிகாரி. மணிக்கூலி விகிதம் மந்தத்தின் அடிமட்டத்திலேயே உறைந்தது. வாரச் சம்பளம் ஏறியது என்றால் வேலை நேரம் ஏறியதால்தான். 1935-ல் ஒவ்வொரு தொழிலாளிக்கும் வேலைப் புத்தகம் கட்டாயமானது. அது இல்லாமல் எந்த முதலாளியும் வேலைக்கு எடுக்க முடியாது. 1936 இறுதியில் உலோகம், கட்டடம், விவசாயம் போன்ற துறைகளில் ஒப்பந்தம் முடியும் முன் விலகுகிறவரின் புத்தகத்தை முதலாளியே பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்று ஆணை வந்தது. அடுத்த ஆலையில் கூலி கூடுதல் என்று தெரிந்தாலும் போக முடியாது. 1938 ஜூனில் யாரையும் எந்த வேலைக்கும் அனுப்பலாம் என்ற கட்டாயப் பணி ஆணை. மேற்கு எல்லை அரண் கட்ட லட்சக்கணக்கானோர் அப்படித்தான் போனார்கள்.

அதே ஜூனில் "வேலைக்கு அஞ்சுவோர்" என்று முத்திரை குத்தி சுமார் 10,000 பேரை வதைமுகாம்களில் அடைத்தார்கள். நாடோடிகள், பிச்சைக்காரர்கள், ரோமா மக்கள், பழைய வழக்குள்ள யூதர்கள். முகாம்களை நடத்திய நாஜிப் படையான எஸ்.எஸ். அந்த ஆண்டு ஏப்ரலில்தான் செங்கல், கருங்கல் நிறுவனம் ஒன்றைத் தொடங்கியிருந்தது. பெர்லினின் பிரம்மாண்டக் கட்டடங்களுக்குக் கல் வேண்டும். மௌத்ஹவுஸன், ஃப்ளோசன்பூர்க் முகாம்கள் கல் குவாரிகளை ஒட்டியே அமைக்கப்பட்டன. முழு வேலைவாய்ப்புப் புள்ளிவிவரமும் இந்தக் கைதும் ஒரே ஆண்டைச் சேர்ந்தவை. "அது வேறு, இது வேறு" என்பவர்களுக்கு இதை முதலில் காட்டுங்கள்.

---

வரவுசெலவு

நன்றி. 1,200 கோடி பில்லுக்குத் தவணை வருமே, அதை எதை வைத்து அடைத்தார்கள்? யூதர்களின் சொத்து பெரிய வருவாய் என்று சிலர் சொல்கிறார்கள், மொத்தக் கணக்கில் அது சிறியது என்று வேறு சிலர். எது சரி?

---

நாணயச்சாலை

இரண்டு கேள்விக்கும் பதில் 1938-ல் ஒன்றாக வருகிறது. முதலில் அந்நியச் செலாவணியைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மேஃபோ பில்லைக் கொண்டு ஸ்வீடன் இரும்புத்தாதுவோ ரப்பரோ வாங்க முடியாது. 1934 நடுவில் ரைஷ்ஸ்பாங்க்கின் தங்கமும் செலாவணியும் 10 கோடி மார்க்குக்கும் கீழே. ஏறத்தாழ ஒரு வார இறக்குமதிக்குத்தான் தாங்கும். வெளிநாட்டுக் கடனுக்குத் தவணை கட்டுவதை நிறுத்தினார்கள். செப்டம்பரில் ஷாக்டின் "புதிய திட்டம்" வந்தது: எந்த இறக்குமதிக்கும் முன் அனுமதி. ருமேனியா, ஹங்கேரி, யூகோஸ்லாவியா, பல்கேரியாவோடு பண்டமாற்றுக் கணக்கு. அவர்கள் தானியமும் எண்ணெயும் புகையிலையும் அனுப்பினார்கள். ஈடாக பெர்லின் கணக்கில் மார்க் ஏறியது. அந்த மார்க்கை ஜெர்மன் பொருள் வாங்க மட்டுமே பயன்படுத்த முடியும். ஜெர்மனி பொருளைத் தாமதமாக அனுப்பியது, ஏழை நாடுகள் பணக்கார நாட்டுக்குக் கடன் கொடுத்தவையாகிப் போயின.

இந்தப் பற்றாக்குறைக்குள்தான் யூதர்களின் சொத்து வருகிறது. நாட்டை விட்டு வெளியேறுவோர் வரி 1931 டிசம்பரில், ஹிட்லருக்கு முந்தைய ப்ரூனிங் அரசு கொண்டுவந்தது. மூலதனம் ஓடுவதைத் தடுக்க 25 சதவீதம், 2 லட்சம் மார்க்குக்கு மேல் சொத்துள்ளவர்களுக்கு. 1934 மே மாதம் நாஜிகள் வரம்பை 50,000-ஆக இறக்கினார்கள். பணக்காரர்களுக்குப் போட்ட வலை, ஓடித் தப்பிக்கிற நடுத்தரக் குடும்பத்தைப் பிடிக்கும் வலையானது. 1932-33-ல் சுமார் 10 லட்சம் மார்க் வசூலான வரி, 1938-39-ல் மட்டும் 34.2 கோடி.

ஒரு குடும்பத்தின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1938 ஏப்ரல் ஆணைப்படி 5,000 மார்க்குக்கு மேல் சொத்துள்ள ஒவ்வொரு யூதரும் அதைப் பதிய வேண்டும். ஒரு கடையும் வீடும் சேர்த்து 1 லட்சம் மார்க் என்று பதிகிறார்கள். நவம்பர் 9-10 இரவில் ஜெபக்கூடங்களும் கடைகளும் எரிக்கப்படுகின்றன. 30,000 பேர் வரை டாஹாவ், புக்கன்வால்ட், சாக்ஸன்ஹவுஸன் முகாம்களுக்கு இழுத்துச் செல்லப்படுகிறார்கள். வெளியேறுவதாக எழுதிக் கொடுத்தால் விடுதலை. 12-ஆம் தேதி ஹிட்லரின் அமைச்சர் கோரிங், ஜெர்மன் மக்கள் மீதான "பகைமைக்கு" யூதர்கள் 100 கோடி மார்க் அபராதம் கட்ட வேண்டும் என்று ஆணையிடுகிறார். உடைந்த கண்ணாடிக்கு வரவேண்டிய காப்பீட்டுத் தொகையையும் அரசே எடுத்துக்கொள்கிறது. அபராதம் பதிவான சொத்தில் 20 சதவீதம், நான்கு தவணை, முதல் தவணை டிசம்பர் 15. அடுத்த ஆண்டு ஐந்தாவது தவணை போட்டு 25 சதவீதமாக்கினார்கள். அது 25,000. வெளியேறும் வரி இன்னொரு 25,000. மிச்சம் 50,000 என்று தோன்றும். ஆனால் கடையைக் கட்டாயமாக விற்க வேண்டியிருந்ததால் பதிந்த விலை கிடைக்காது, வரி மட்டும் பதிந்த மதிப்புக்கு. வாதத்துக்கு 50,000 இருப்பதாகவே கொள்வோம். அது முடக்கப்பட்ட கணக்கில் இருக்கும். வெளிநாட்டுப் பணமாக மாற்றினால் 1934 தொடக்கத்தில் 20 சதவீதம் பிடித்தார்கள், 1938 ஜூனில் 90, 1939 செப்டம்பரில் 96. கையில் வருவது 2,000 மார்க் மதிப்பு. புதிதாக வாங்கிய சாமானை எடுத்துப்போக அதற்கும் தனி வரி. பயணத்தில் ஆளுக்கு 10 மார்க் ரொக்கம். அந்தக் கையிருப்போடு எந்த நாடு விசா கொடுக்கும்? பணத்தைப் பிடுங்கியதே பலருக்குத் தப்பும் வழியை அடைத்தது.

இனி உங்கள் கேள்வி. ஆறு ஆண்டு ஆயுதச் செலவோடு ஒப்பிட்டால் இந்த வசூல் சிறியதுதான். ஆனால் எப்போது வந்தது என்று பாருங்கள். 1938 வசந்தத்தோடு மேஃபோ பில் வெளியீடு நின்றது. இலையுதிர்காலத்தில் அரசுக் கருவூலம் வறண்டது. ஆண்டு இறுதியில் விற்கப்போன 150 கோடி மார்க் கடன் பத்திரத்தில் ஒரு பங்கு விலைபோகவில்லை. சம்பளத்துக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் கொடுக்கப் பணம் தேடிக்கொண்டிருந்த அந்த வாரங்களில்தான் 100 கோடி அபராதம் பிறந்தது. கடைசியில் வசூலானது 112 கோடிக்கும் மேல். மொத்தத்தில் சிறியது என்பவரும் சரி, அந்த நேரத்தில் அது பெரியது என்பவரும் சரி.

பில்களை அடைத்தார்களா? இல்லை. தவணை 1939-ல் வரவேண்டும். 1939 ஜனவரி 7 அன்று ரைஷ்ஸ்பாங்க் இயக்குநர்கள் எட்டுப் பேரும் கையெழுத்திட்டு, செலவு இப்படியே போனால் நாணயம் சரியும் என்று ஹிட்லருக்கு எழுதினார்கள். 20-ஆம் தேதி ஷாக்ட் பதவி நீக்கப்பட்டார். மார்ச்சில் புதுத் திட்டம்: அரசு ஒப்பந்தக்காரர்களுக்கு 40 சதவீதத்தைப் பணமாக இல்லாமல் வரிச்சீட்டாகக் கொடுத்தார்கள். ஜூனில் புதிய சட்டம் ரைஷ்ஸ்பாங்க்கை நேரடியாக ஹிட்லரின் கீழ் கொண்டுவந்தது. கடன் வரம்பை இனி அவரே முடிவு செய்வார். பில்களை அரசுக் கடனாகப் புரட்டிப் போட்டார்கள்.

நடுவில் இரண்டு முறை மூச்சு கிடைத்தது. 1938 மார்ச்சில் ஆஸ்திரியாவைப் பிடித்ததும் அந்நாட்டு மத்திய வங்கியின் தங்கமும் செலாவணியும் பெர்லினுக்கு வந்தன, ரைஷ்ஸ்பாங்க் வெளியில் காட்டிய கையிருப்பைப் போலப் பல மடங்கு. 1939 மார்ச்சில் பிராகுக்குள் படை நுழைந்ததும், செக் வங்கியின் பேரில் லண்டனில் இருந்த சுமார் 23 டன் தங்கம் சுவிட்சர்லாந்தின் பாசலில் உள்ள பன்னாட்டுத் தீர்வு வங்கி (மத்திய வங்கிகளுக்கான வங்கி) வழியாக ரைஷ்ஸ்பாங்க் கணக்குக்கு மாற்றப்பட்டது. அந்த உத்தரவில் செக் வங்கிக்காரர்களிடம் யார் மிரட்டிக் கையெழுத்து வாங்கியிருப்பார்கள் என்று, மாற்றிக் கொடுத்தவர்கள் கேட்காமல் விட்டார்கள். எனக்கு அது மன்னிக்க முடியாததாகவே தோன்றுகிறது.

---

பேரேடு

ஒன்று சேர்க்கிறேன். போருக்குப் பின் நியூரம்பெர்க் போர்க்குற்ற விசாரணையில் ஷாக்ட் விடுதலையானதை வைத்து "வங்கிக்காரர்களுக்குத் தெரியாது" என்று வாதிடுகிறவர்கள் வருவார்கள். ஆக்கிரமிப்புப் போருக்குத் திட்டமிட்டார் என்ற குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை, அவ்வளவுதான். அவருக்குப் பின் தலைவரான வால்டர் ஃபுங்குக்கு ஆயுள் தண்டனை. அவர் காலத்தில், 1942 ஆகஸ்ட் முதல், புரூனோ மெல்மர் என்ற எஸ்.எஸ். அதிகாரி 70-க்கும் மேற்பட்ட தடவை ரைஷ்ஸ்பாங்க்குக்குப் பெட்டிகள் கொண்டுவந்தார். உள்ளே கொல்லப்பட்டவர்களின் மோதிரம், கடிகாரம், பல்லில் இருந்த தங்கம். வங்கி ஊழியர்கள் எடை போட்டு வரவு வைத்தார்கள்.

---

தறிமேடை

போர்க்காலம் இந்தக் கணக்கின் தொடர்ச்சிதான், தனி அத்தியாயம் இல்லை. 1940-ல் பிரான்ஸ் மீது நாளொன்றுக்கு 2 கோடி மார்க் ஆக்கிரமிப்புச் செலவு சுமத்தப்பட்டது. 20 பிராங்க் ஒரு மார்க் என்று மாற்று விகிதத்தையும் பெர்லினே வைத்தது. அந்த விகிதத்தில் ஜெர்மன் சிப்பாய் பாரிஸ் கடைகளை மலிவாகக் காலி செய்து வீட்டுக்குப் பார்சல் அனுப்பினார். கிரேக்கத்தில் உணவைச் சுருட்டியதன் விளைவு 1941-42 குளிர்காலப் பஞ்சம்.

ஆட்கள்: 1944 ஆகஸ்டில் ஜெர்மனிக்குள் வேலை செய்த வெளிநாட்டவரும் போர்க்கைதிகளும் 76 லட்சம். சோவியத் பகுதியிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் நெஞ்சில் "ஓஸ்ட்" (கிழக்கு) என்ற பட்டை தைத்திருக்க வேண்டும். அவர்கள் கூலியில் தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் நாளுக்கு 1.50 மார்க் கழியும், அதோடு முதலாளி அரசுக்குக் கட்டும் தனி வரி. வேலை செய்தவர் கையில் எஞ்சியது சில்லறை. ஆஷ்விட்ஸ் அருகே மோனோவிட்ஸில் ஐ.ஜி. ஃபார்பன் என்ற ரசாயன நிறுவனத்தின் ஆலை, கைதி ஒருவருக்கு நாளுக்கு 3 மார்க், கைத்தொழில் தெரிந்தவருக்கு 4 மார்க் என்று எஸ்.எஸ்.ஸுக்குக் கட்டியது. கைதிக்கு எதுவும் இல்லை. பெரும்பாலோர் சில மாதங்களில் இறந்தார்கள் அல்லது உழைக்க முடியாதவர் என்று நச்சுவாயு அறைகள் இருந்த பிர்க்கனாவுக்கு அனுப்பப்பட்டார்கள்.

---

வரவுசெலவு

அந்தச் சேமிப்பு வங்கிகளில் போட்ட சாதாரண ஜெர்மானியர் பணம் என்னவானது?

---

நாணயச்சாலை

1948 ஜூன் நாணயச் சீர்திருத்தத்தில் போனது. பழைய 100 மார்க் சேமிப்புக்குக் கடைசியில் 6.50 புது மார்க்தான் கிடைத்தது. அரசின் பழைய பத்திரங்கள் வெற்றுக் காகிதமாயின. நாஜி அரசு அறிவித்த 990 மார்க் "மக்கள் கார்" (ஃபோக்ஸ்வாகன்) வாங்க வாரம் 5 மார்க் கட்டிச் சேமித்தவர்கள் 3.3 லட்சத்துக்கும் மேல். ஒருவருக்கும் கார் வரவில்லை, அந்த ஆலை ராணுவ வண்டி செய்தது. வழக்கு நடத்தி 1961-ல் புது ஃபோக்ஸ்வாகனில் 600 மார்க் வரை தள்ளுபடி பெற்றார்கள்.

கட்டாய உழைப்பாளிகளுக்கான நிதியம் 2000-ல்தான் உருவானது: 1,000 கோடி ஜெர்மன் மார்க், பாதி அரசும் பாதி நிறுவனங்களும். 2007-க்குள் சுமார் 16.6 லட்சம் பேருக்குக் கொடுத்தார்கள். போர்க்காலம் முழுவதும் ஜெர்மனிக்குள் இப்படி வேலை வாங்கப்பட்டவர்கள் ஒரு கோடியே முப்பது லட்சம் அளவில். வதைமுகாமில் இருந்தவருக்கு உச்ச வரம்பு 15,000 மார்க்.